12 பிள்ளைகளின் தேர்ச்சி விகிதம்: சிறிய அரசுப் பள்ளியின் எண்களை எப்படிப் படிப்பது?

ஜூன் 3, வாசகர் கேள்வி

எங்கள் பகுதி அரசுப் பள்ளி மிகச் சிறியது. இறுதி வகுப்பில் போன வருடம் 12 பேர், இந்த வருடமும் 12 பேர். போன வருடத் தேர்ச்சி 92 சதவீதம், இந்த வருடம் 75. நடுவில் மாறியது ஒன்றுதான். வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள், நிறையச் சேர்ந்திருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் இதைத்தான் பேசுகிறார்கள். சேர்க்கையைக் கட்டுப்படுத்தாவிட்டால் பள்ளி கெட்டுப்போகும் என்பது என் கருத்து. எண்களே சொல்கின்றனவே? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஜூன் 3, இரவு

மறுப்பு இருக்கிறது. முதலில் சதவீதத்தை ஓரமாக வையுங்கள். 12 பேரில் 92 சதவீதம் என்றால் 11 பேர். 75 என்றால் 9 பேர். போன வருடம் தேறாதவர் ஒருவர், இந்த வருடம் மூன்று பேர். வித்தியாசம் இரண்டே பிள்ளைகள். "17 புள்ளி சரிவு" என்று சொன்னால் ஒரு கூட்டமே பதறுகிறது. "கூடுதலாக இரண்டு பேர் தேறவில்லை" என்று சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: அவர்களுக்கு என்ன ஆயிற்று?

அந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா? புதிதாக வந்தவர்கள் மேல் பழி போடுவதற்கு முன், தேறாத மூன்று பேரும் புதியவர்கள்தானா என்றாவது தெரியுமா?

ஜூன் 4

நேற்றைய குறிப்பில் சொன்னது போதாது என்று தோன்றியது. ஏன் பதற வேண்டாம் என்பதற்குக் கணக்கே இருக்கிறது.

ஒவ்வொரு பிள்ளையும் தேறுவதற்கு 80 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் மாறவில்லை, பாடம் மாறவில்லை, வீடுகள் மாறவில்லை. எதுவுமே மாறாத அந்தப் பள்ளி 100 வருடம் தேர்வு நடத்தினால், சுமார் 27 வருடங்களில் 11 பேரோ 12 பேரோ தேறுவார்கள். சுமார் 44 வருடங்களில் 9 பேர் அல்லது அதற்கும் குறைவு. அதாவது ஒரு வருடம் 92, அடுத்த வருடம் 75 என்பது ஒன்றுமே நடக்காத பள்ளியிலும் சர்வசாதாரணமாக வரும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வீட்டில் சாவு, ஒருவர் படித்த பாடத்திலிருந்து கேள்வி வரவில்லை. அவ்வளவு போதும்.

இதே 80 சதவீத வாய்ப்பு, 400 பேர் எழுதும் பள்ளியில் வழக்கமான ஏற்ற இறக்கம் 2 புள்ளிதான். 12 பேர் எழுதும் பள்ளியில் அது 11 புள்ளிக்கு மேல். எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் ஆட்டம் குறையும் என்பது 18ஆம் நூற்றாண்டில் டி மாய்வர் என்ற கணித அறிஞர் காட்டிய விஷயம். 300 வருடமாகத் தெரிந்த இந்தக் கணக்கு பள்ளி அறிக்கைகளுக்குள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

நான் சிறிய பள்ளிகளில் கணக்கு ஆசிரியராக இருந்தவன். அப்புறம் பள்ளி அறிக்கைகளைத் தொகுக்கும் வேலைக்கு மாறினேன். ஒரு வருடம் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் தேறினார்கள். பாராட்டு, மாலை, மேடை. அடுத்த வருடம் மூன்று பேர் தேறவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டு வருடமும் நாங்கள் ஒரே மாதிரிதான் பாடம் நடத்தினோம். ஒரே மாதிரிதான் மாலை நேரத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தோம். விளக்கக் கடிதத்தில் தலைமை ஆசிரியர் "மாணவர்களின் குடும்பச் சூழல் காரணமாக" என்று எழுதினார். பாராட்டு வந்த வருடத்திலும் அதே சூழல்தான் இருந்தது. அப்போது அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஜூன் 5

ஒருவர் கேட்கிறார்: "அப்படியானால் எந்த எண்ணையும் நம்பக் கூடாதா?"

நம்பலாம், ஒரு வருடத்து எண்ணை மட்டும் தனியாக நம்ப வேண்டாம். மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். 36 பேரில் எத்தனை பேர் என்றால் ஆட்டம் கொஞ்சம் அடங்கும். அப்போதும் பெரிய பள்ளியின் உறுதி வராது, ஆனால் பேச்சுக்கு ஒரு தரை கிடைக்கும்.

ஜூன் 6

சிறிய பள்ளி என்றாலே பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள், சாதனைப் பட்டியலின் முதலிடங்களில் சிறிய பள்ளிகள்தான் இருக்கின்றன என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இது பலர் சறுக்கிய இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியல் அறிஞர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் 1,662 பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு வாசிப்பு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார். முதல் 50 பள்ளிகளில் 6 பள்ளிகள், அந்த மாநிலத்தின் மிகச் சிறிய 50 பள்ளிகளைச் சேர்ந்தவை. எண்ணிக்கைப்படி பார்த்தால் ஒன்றிரண்டுதான் வந்திருக்க வேண்டும். ஆக, சிறிய பள்ளி சிறந்ததா? அவர் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினார். கடைசி 50 பள்ளிகளில் 9 பள்ளிகள் அதே சிறிய பள்ளிகளின் கூட்டத்திலிருந்து வந்திருந்தன. சிறிய பள்ளிகள் உச்சியிலும் இருக்கும், அடியிலும் இருக்கும். அவற்றின் சராசரி அதிகமாக ஆடுகிறது, அதுதான் காரணம். தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற பொருளியல் அறிஞர்கள் இருவரும் 2002இல் வடக்கு கரோலினா பள்ளிகளை வைத்து இதையே காட்டினார்கள். ஒரே வருட எண்ணை வைத்துப் பரிசும் தண்டனையும் கொடுத்தால் இரண்டும் பெரும்பாலும் சிறிய பள்ளிகளுக்கே போகும்.

கேட்ஸ் அறக்கட்டளை 2000களில் பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சிறியவையாக உடைக்கப் பெரும் பணம் செலவிட்டது. அப்படி உருவான பள்ளிகள் பலவற்றில் கற்றல் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்று பில் கேட்ஸே 2009ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதினார்.

ஜூன் 6, மாலை

மேலே எழுதியதை வைத்து "சிறிய பள்ளியால் பயனே இல்லை" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நியூயார்க் நகரத்தில் சிறிய உயர்நிலைப் பள்ளிகளுக்கு விண்ணப்பம் அதிகமானதால் குலுக்கலில் இடம் கொடுத்தார்கள். இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பல வருடம் தொடர்ந்து பார்த்தபோது, இடம் கிடைத்தவர்களில் அதிகம் பேர் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். ஆகவே சிறியதாக இருப்பது உதவலாம். அதை நிரூபிக்கத் தரவரிசைப் பட்டியல் போதாது என்பதுதான் என் வாதம்.

அப்புறம், சிறிய பள்ளி வேறு, சிறிய வகுப்பு வேறு. டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடந்த ஸ்டார் சோதனையில் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளிலும் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளிலும் போட்டார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் முன்னே போனார்கள். ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் கூடுதலாக இருந்தது. இது வகுப்பைப் பற்றிய செய்தி. 60 பேர் உள்ள சின்னப் பள்ளியில் ஓர் ஆசிரியர் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்தினால், அது சிறிய வகுப்பு ஆகாது.

ஜூன் 9

இப்போது கேள்வி கேட்டவரின் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன்: "புதியவர்கள் வந்ததும் சராசரி இறங்கியது."

கற்பனை எண்கள் வைத்துச் சொல்கிறேன். போன வருடம் பழைய பிள்ளைகள் 10 பேர், அவர்களின் சராசரி 70. புதிய பிள்ளைகள் 2 பேர், சராசரி 50. மொத்தச் சராசரி சுமார் 67. இந்த வருடம் பழையவர்கள் 6 பேர், சராசரி 72. புதியவர்கள் 6 பேர், சராசரி 54. மொத்தம் 63.

நன்றாகப் பாருங்கள். பழைய பிள்ளைகள் 2 மதிப்பெண் ஏறியிருக்கிறார்கள். புதியவர்கள் 4 ஏறியிருக்கிறார்கள். பள்ளி இரண்டு பக்கமும் நன்றாகச் செய்திருக்கிறது. ஆனால் பலகையில் எழுதும் சராசரி 4 இறங்கியிருக்கிறது. இந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரைக் கூட்டத்தில் நிறுத்தி விளக்கம் கேட்டால் அது எவ்வளவு பெரிய அநியாயம்?

இது வெறும் தாள்கணக்கு இல்லை. அமெரிக்காவின் எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் மொழிப் பகுதியின் சராசரி 1981இலும் 504, 2002இலும் 504. இருபது வருடத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை என்று பேச்சு எழுந்தது. இனக்குழுவாகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு குழுவும் உயர்ந்திருந்தது. முன்பு தேர்வு பக்கமே வராத குடும்பங்களின் பிள்ளைகள் அதிகமாக எழுத வந்ததால் மொத்தம் நகரவில்லை. புள்ளியியலில் இதைச் சிம்ப்சன் முரண் என்பார்கள்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் பள்ளியில் பழைய பிள்ளைகள் கெட்டுப்போனார்களா? அதைத் தனியாகப் பார்த்தீர்களா? பார்க்காமல் "பள்ளி கெட்டுப்போகிறது" என்று சொல்ல ஆதாரம் இல்லை.

ஜூன் 10

"குழுவாகப் பிரித்தால் 6 பேர்தானே, அதுவும் ஆடுமே?" சரியான கேள்வி. ஆடும், 12ஐ விட மோசமாக ஆடும். அதனால்தான் சிறிய பள்ளியில் குழு சராசரியை ஒரு எச்சரிக்கையாக மட்டும் பயன்படுத்துங்கள் என்கிறேன். குழுவைப் பிரித்ததும் "வேறு மொழிக்காரர்கள் 54" என்று புதிய முத்திரை குத்திவிடக் கூடாது.

ஜூன் 13

"குடும்பப் பின்னணிதான் எல்லாம், பள்ளி என்ன செய்தாலும் ஒன்றுதான் என்று அமெரிக்காவிலேயே ஆய்வு சொல்லிவிட்டது" என்று ஒருவர். கோல்மன் அறிக்கையைச் சொல்கிறார். 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி சமூகவியல் அறிஞர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் நடந்தது, 1966இல் வெளிவந்தது. ஏறக்குறைய 6 லட்சம் மாணவர்கள். கட்டடம், நூலகம், செலவு இவற்றில் உள்ள வேறுபாட்டைவிடக் குடும்பச் சூழலே மதிப்பெண் வேறுபாட்டோடு நெருக்கமாக இருக்கிறது என்று கண்டார்கள்.

அதே அறிக்கையில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு, அவற்றை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஆசிரியரின் தரம் பின்தங்கிய குடும்பப் பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக வேலை செய்கிறது. உடன் படிக்கும் பிள்ளைகள் யார் என்பதும் அவர்களை அதிகம் பாதிக்கிறது. எனவே "பள்ளியால் ஒன்றும் ஆகாது" என்று அந்த அறிக்கையைப் படிக்க முடியாது. யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் பள்ளி அதிகமாகத் தேவைப்படுகிறது என்று படிக்கலாம். புதிய பிள்ளைகளைச் சேர்க்காமல் வாசலை மூடினால், பள்ளி யாருக்கு அதிகம் பயன்படுமோ அவர்களையே வெளியே நிறுத்துகிறோம்.

ஜூன் 14

நிலை வேறு, வளர்ச்சி வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளை வாங்கும் மதிப்பெண்ணில் அவன் பிறந்ததிலிருந்து நடந்த எல்லாமே கலந்திருக்கிறது: வீட்டில் புத்தகம் இருந்ததா, சிறு வயதில் நோயா, எத்தனை பள்ளி மாறினான். இந்தப் பள்ளி இந்த வருடம் என்ன செய்தது என்று தெரிய, அவன் உள்ளே வந்தபோது எங்கே இருந்தான் என்று தெரிய வேண்டும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஷான் ரியர்டன் என்ற ஆய்வாளர் அமெரிக்கா முழுவதுமான தேர்வுத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார். மாவட்டங்களின் சராசரி மதிப்பெண் வருமானத்தோடு மிக நெருக்கமாக ஒட்டிப்போகிறது. பிள்ளைகள் வருடா வருடம் எவ்வளவு வளர்கிறார்கள் என்பதற்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு அதைவிட மிகப் பலவீனம். சிகாகோ அரசுப் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகள் அதிகம், சராசரி தாழ்வு. ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஐந்து வருடத்தில் அந்தப் பிள்ளைகள் ஆறு வருட அளவு வளர்ந்தார்கள். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்த யாரும் அந்தப் பள்ளிகளை நல்ல பள்ளி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் திருத்திய ஒரு விடைத்தாள் ஞாபகத்துக்கு வருகிறது. தேர்வுக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்த மாணவி. வீட்டில் வேறு மொழி. கேள்வி இது: தொட்டியில் 240 லிட்டர் தண்ணீர், எட்டில் மூன்று பங்கைப் பயன்படுத்தினால் தொட்டியில் எவ்வளவு இருக்கும்? அவள் 240ஐச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள், எட்டில் மூன்றைச் சுற்றி வட்டம். 240ஐ எட்டால் வகுத்து 30, மூன்றால் பெருக்கி 90. அங்கேயே நிறுத்திவிட்டாள். பக்கத்தில் பென்சிலால் சிறிதாக ஒரு கேள்விக்குறி. விடைக் குறிப்பின்படி அரை மதிப்பெண். மறுநாள் அவள் மொழி தெரிந்த இன்னொரு மாணவியை விட்டுக் கேள்வியைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வருவதற்குள் "150" என்றாள். அடுத்த நான்கு கணக்கும் அப்படியே. அந்த வருட அறிக்கையில் அவள் "கணிதத்தில் அடிப்படைத் திறன் இல்லை" என்ற பிரிவில் இருந்தாள்.

அந்தத் தேர்வு அவளுடைய கணக்கை அளக்கவில்லை, அவள் எவ்வளவு காலமாக அந்த மொழியில் படிக்கிறாள் என்பதை அளந்தது. புதிதாக வந்த பிள்ளையின் முதல் வருட மதிப்பெண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள், அடுத்த வருடத்தோடு ஒப்பிடுங்கள் என்று அதிலிருந்துதான் நான் எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினேன்.

ஜூன் 16

பின்னணியைக் கணக்கில் சேர்த்துப் பள்ளியை மதிப்பிட வேண்டுமா, வேண்டாமா என்று கீழே இருவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்து இரண்டையும் செய்து பார்த்தது. 2006 முதல் சில வருடங்கள் பிள்ளைகளின் வறுமை, வீட்டு மொழி போன்றவற்றைக் கழித்துப் பள்ளிகளின் மதிப்பை வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளையிடம் குறைவாக எதிர்பார்க்க அது அனுமதி கொடுக்கிறது என்று சொல்லி 2010இல் கைவிட்டார்கள். 2016 முதல் பிள்ளையின் முந்தைய மதிப்பெண்ணை மட்டும் கழிக்கும் புரோகிரஸ் 8 வந்தது. அதில் ஏழைப் பகுதிப் பள்ளிகள் மறுபடி கீழே தெரிந்தன.

என் முடிவு: பிள்ளையைப் பற்றிப் பேசும்போது எதையும் கழிக்காதீர்கள். அவன் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அந்த இலக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். பள்ளியைப் பற்றித் தீர்ப்பு சொல்லும்போது கழியுங்கள். தன்னிடம் வராத குடும்ப வசதிக்குப் பள்ளி பொறுப்பில்லை. ஒரே எண்ணை இரண்டுக்கும் பயன்படுத்துவதுதான் இத்தனை சண்டைக்கும் மூலம்.

ஜூன் 20

அறிக்கையில் சில இடங்களில் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இருக்கிறது, எதை மறைக்கிறார்கள் என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்.

பிள்ளைகளை மறைக்கிறார்கள், மறைக்கத்தான் வேண்டும். ஒரு குழுவில் மிகச் சிலரே இருந்தால் அந்தக் குழுவின் சதவீதம் தனி ஆளின் மதிப்பெண்ணாகிவிடும். அமெரிக்காவில் மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்துக்கு 1974இலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழ் உள்ள குழுக்களின் முடிவை வெளியிடுவதில்லை. அந்த எல்லை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

நட்சத்திரம் மட்டும் போட்டால் போதாது. உங்கள் பள்ளியையே எடுங்கள். மொத்தம் 12 பேர், தேர்ச்சி 75 சதவீதம் என்று ஒரு வரி. அடுத்த வரியில் மாற்றுத்திறன் இல்லாத மாணவர்கள் 11 பேர், 82 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளி மாணவர்: நட்சத்திரம். இப்போது கழித்துப் பாருங்கள். 12இல் தேறியவர் 9, 11இல் தேறியவரும் 9. மீதமிருந்த ஒரே பிள்ளை தேறவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அதனால் இரண்டாவது குழுவையும் சேர்த்து மறைப்பார்கள். "ஒருவரும் தேறவில்லை", "எல்லோரும் தேறினார்கள்" என்ற வரிகளும் இதே மாதிரிதான். குழுவில் இருக்கும் ஒவ்வொருவரின் முடிவையும் அவை சொல்லிவிடும்.

அறிக்கை தொகுக்கும் வேலையில் எனக்கு மிகவும் கவலை தந்த இடம் இதுதான். சிறிய பள்ளியில் ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோரையும் தெரியும். பிள்ளைகள் அந்தத் தாளைப் பார்ப்பார்கள்.

ஜூன் 22

வறுமையை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. பல நாடுகளில் பள்ளி உணவுச் சலுகை பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையை ஏழைகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். இது கரடுமுரடான அளவுகோல். அமெரிக்காவில் ஏழைகள் அதிகமுள்ள பள்ளி தன் பிள்ளைகள் அனைவருக்கும் விண்ணப்பம் இல்லாமலே இலவச உணவு தரலாம் என்ற ஏற்பாடு 2014இல் நாடு முழுவதும் வந்தது. நல்ல திட்டம். ஆனால் அதற்குப் பிறகு பல பதிவுகளில் அந்தப் பள்ளிகளின் "ஏழை மாணவர்" விகிதம் 100 ஆகிவிட்டது. குடும்பங்கள் மாறவில்லை, படிவம் மாறியது. இங்கிலாந்திலும் 2014இல் பள்ளியின் ஆரம்ப வகுப்புகளில் எல்லோருக்கும் உணவு இலவசம் என்றதும் சில பெற்றோர்கள் தகுதியைப் பதிவு செய்வதையே விட்டுவிட்டார்கள். அந்தப் பதிவை வைத்துத்தான் பள்ளிக்குக் கூடுதல் நிதி கணக்கிடப்பட்டது என்பதால் பள்ளிகள் வீடு வீடாகக் கேட்க வேண்டியதாயிற்று.

எனவே "எங்கள் பள்ளியில் ஏழைகள் 40 சதவீதத்திலிருந்து 100 ஆகிவிட்டார்கள்" என்று எங்காவது பார்த்தால், முதலில் விதி மாறியதா என்று பாருங்கள்.

ஜூன் 27

தேர்ச்சி விகிதத்தை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்று ஒரு ஆசிரியை எழுதியிருப்பதைப் படித்தேன். மனம் கனத்துப்போனது. தேர்ச்சி எல்லை 40 என்றால், 36 வாங்கும் பிள்ளைக்குத் தினமும் தனி வகுப்பு. 12 வாங்கும் பிள்ளை பின் வரிசையில். 90 வாங்கும் பிள்ளை தானாகப் படித்துக்கொள்ளும். இதை ஜெனிபர் பூஹர்-ஜென்னிங்ஸ் என்ற சமூகவியல் ஆய்வாளர் டெக்சாஸ் பள்ளி ஒன்றில் நேரில் பார்த்து 2005இல் எழுதினார். காப்பாற்றக்கூடியவர்கள் யார், கைவிடப்படுபவர்கள் யார் என்று ஆசிரியர்களே பிரிக்க வேண்டிய நிலை. ஒரு எண்ணின் மேல் எவ்வளவு அழுத்தம் வைக்கிறோமோ அவ்வளவு அந்த எண் கெடும் என்று டொனால்ட் கேம்ப்பெல் என்ற உளவியல் அறிஞர் 1970களிலேயே எச்சரித்திருந்தார்.

சிறிய பள்ளியில் இது இன்னும் கொடுமை. 300 பேரில் 36 வாங்குபவர் யார் என்று தேட வேண்டும். 12 பேரில் தேடவே வேண்டாம். அந்த 12 மதிப்பெண் பிள்ளைக்கும் தன்னை ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று தெரியும். வகுப்பறையில் நான் இருந்த காலத்தில் இந்த அழுத்தம் என் மேலும் இருந்தது, அதை எதிர்த்து நின்ற தலைமை ஆசிரியர் ஒருவரிடம் வேலை செய்தது என் பாக்கியம். "12 வாங்குகிறவன் 25 வாங்கினால் எனக்குச் சொல்" என்பார். விகிதத்தில் அது ஒரு புள்ளிகூட ஏறாது.

ஜூலை 5

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியதைப் படித்தீர்களா? ஆசிரியரிடம் தனியாகப் பேசியிருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்கள் 6 பேர், அவர்களில் 4 பேர் தேறியிருக்கிறார்கள். தேறாத மூன்று பேரில் ஒருவர் முதல் வகுப்பிலிருந்து அங்கேயே படிப்பவர். மற்ற இருவரும் வருடத்தின் கடைசிப் பகுதியில் வந்து சேர்ந்தவர்கள்.

இந்தத் தகவலைத் தேடிப் போனதற்கு அவருக்கு நன்றி. ஆனால் ஒரு வேண்டுகோள். இதைக் கூட்டத்தில் இப்படியே சொல்லாதீர்கள். அங்கே இருக்கிறவர்கள் ஐந்து நிமிடத்தில் மூன்று பெயரையும் சொல்லிவிடுவார்கள். ஜூன் 20இல் எழுதிய நட்சத்திரத்துக்கும் இதுதான் காரணம். ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும், அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குத் தெரிந்தால் போதும்.

கூட்டத்தில் பேச வேண்டியது வருடத்தின் நடுவில் வருகிற பிள்ளையைப் பள்ளி எப்படி வரவேற்கிறது என்பது. முதல் வாரத்தில் வாசிப்பும் கணக்கும் எங்கே இருக்கின்றன என்று பார்க்கிறார்களா, அவர்கள் மொழி தெரிந்த யாராவது உட்கார்ந்து பார்க்கிறார்களா, முந்தைய பள்ளியிலிருந்து பதிவேடு வந்து சேர எவ்வளவு காலம் ஆகிறது. நான் பார்த்த பள்ளிகளில் பதிவேடு வருவதற்குள் பிள்ளை அடுத்த பள்ளிக்குப் போய்விட்டதும் உண்டு.

ஜூலை 6

அறிக்கையை எந்த வடிவில் கேட்பது என்று அவர் கேட்டதற்கு. சதவீதம் வேண்டாம், எண்ணிக்கை கேளுங்கள். மூன்று வருடத்தைச் சேர்த்து ஒரு வரி. போன வருடமும் இந்த வருடமும் இதே பள்ளியில் இருந்த பிள்ளைகளை மட்டும் எடுத்து, அவர்கள் எவ்வளவு நகர்ந்தார்கள் என்று ஒரு வரி. வருடத்தின் நடுவில் வந்தவர்கள், போனவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராதவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி, ஏனென்றால் வருகைப் பதிவேட்டில் தெரிகிற பிரச்சினை விடைத்தாளில் தெரிவதற்குப் பல மாதம் முன்பே தெரியும். மூன்று, நான்கு பேருக்கும் குறைவாக வரும் எண்ணிக்கைகளைப் பொதுவில் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அடுத்த வருடம் 10 அல்லது 11 பேர் தேறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, யாரும் எதையும் மாற்றாமலே. அப்போது "சேர்க்கையைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசினோம், அதனால் ஏறியது" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சு வரும்போது இந்த இழையின் ஜூன் 4 குறிப்பை அச்சடித்துக் கொண்டுபோங்கள்.